பிற்பகல் வருகை

கோடிங்கையும் செயற்கை நுண்ணறிவையும் வகுப்புக்குள் கொண்டுபோகப் போகும் புதிய ஆசிரியர்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். வெற்றிக் கதையாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். என்னிடம் இருப்பது ஒரே ஒரு கதை. அதை வெற்றி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எழுதித் தருகிறேன். அச்சில் போடுவதா வேண்டாமா என்று கேட்டவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

திருவனந்தபுரத்தில், சாலை என்கிற கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் ஒரு பள்ளியில் தமிழ் மீடியத்துக்குக் கணக்கு டீச்சராக இருந்தேன். சாலையில் மூட்டை தூக்குகிறவர்கள், ஹோட்டலில் மாவு ஆட்டுகிறவர்கள், தென்காசிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள், இவர்களுடைய பிள்ளைகள்தான் என் வகுப்பு. மலையாள மீடியத்துக்கு மூன்று மாடிக் கட்டடம். எங்களுக்குப் பின்பக்கம் ஓடு போட்ட நீளக் கட்டடம். மழைக்காலத்தில் எந்த பெஞ்சை எங்கே நகர்த்த வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

ஐம்பத்திரண்டு வயதில் என்னை ஐ.டி. டீச்சராகவும் ஆக்கினார்கள். பயிற்சிக்குப் போக வேறு யாரும் கை தூக்கவில்லை, அவ்வளவுதான் என் தகுதி. பயிற்சியில் என் பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் என் மகள் வயது. மவுஸைப் பிடிப்பதற்கே எனக்கு ஒரு நாள் ஆயிற்று. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பிடித்துப்போயிற்று. முப்பது வருடமாகக் கரும்பலகையில் எழுதி அழித்த கணக்கு, திரையில் நடமாடுவதைப் பார்த்தபோது நானே சின்னப் பிள்ளை ஆகிவிட்ட மாதிரி இருந்தது. அந்த உற்சாகத்தை நான் குறை சொல்லவில்லை. உங்களுக்கும் வரும். வந்தபின் செய்வதில்தான் கவனம் வேண்டும்.

பவித்ராவைப் பற்றிச் சொல்கிறேன். உண்மைப் பெயர் அதுவல்ல. ஒன்பதாம் வகுப்பு, என் வகுப்பு. அப்பா பொன்முடியில் தேயிலை எஸ்டேட்டில் வேலை. அம்மா இடுப்பு போய்ப் படுக்கையில். இந்தப் பெண் சாலைக் கடைத்தெருவில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். வீடு என்றால், பலசரக்கு கோடவுனுக்குப் பின்னால் ஒரே அறை. சித்தி ஒரு ஹோட்டல் அடுக்களையில் வேலை செய்தாள். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் பவித்ரா மலைக்கு பஸ் ஏறுவாள். இரண்டு நாள் அம்மாவைக் குளிப்பாட்டி, துணி துவைத்து, பொங்கி வைத்துவிட்டு, திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கி வருவாள். அந்த பஸ் வளைவுகளில் சுற்றிச் சுற்றி இறங்கித் தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வந்து சேர்வதற்குள் எங்கள் பள்ளியில் மூன்று பீரியடு முடிந்திருக்கும்.

அவள் எப்படிப்பட்டவள் என்பதற்கு ஒன்றே ஒன்று. ஒரு நாள் வகுப்பில், கணபதி கோயில் இருக்கும் பழவங்காடி ஜங்ஷனுக்கு டிராஃபிக் லைட் புரோகிராம் எழுதச் சொன்னேன். எல்லோரும் வண்டி எண்ணிக்கையை வைத்து எழுதினார்கள். இவள் மட்டும் கை தூக்கினாள்.

"டீச்சரே, கணபதிக்குத் தேங்கா உடைக்க நிக்கியவங்கள எதுல சேக்கணும்? அவங்க வண்டியும் இல்ல, ரோடு கிராஸ் பண்ணவும் இல்ல. ஆனா ரோட்டுலதான நிக்காங்க?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது, இந்தப் பெண்ணை விட்டுவிடக் கூடாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளியின் தீராத நோவு, பிள்ளைகள் பாதியில் நின்றுபோவது. கேரளத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஜூனில் ஆறாவது வேலைநாளன்று தலை எண்ணுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் அந்த வகுப்புப் பிரிவு, அதாவது டிவிஷன், போகும். டிவிஷன் போனால் டீச்சர் போவார். தமிழ் மீடியத்தின் கழுத்து வருடா வருடம் அந்த நாளில்தான் தொங்கும். ஆகவே எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எந்தப் பிள்ளை நின்றுவிடும் என்று முன்கூட்டியே கம்ப்யூட்டர் சொன்னால், நாம் போய்ப் பேசித் தடுக்கலாமே. பழைய மாணவர்களின் விவரத்தைக் கொடுத்தால், நின்றவர்களுக்குள் என்ன பொது என்று இயந்திரம் தானே கற்றுக்கொள்ளும். பிள்ளைகளுக்கும் பாடம், பள்ளிக்கும் பயன். பவித்ராவும் ரம்யா என்ற இன்னொரு பெண்ணும் புரோகிராம் எழுத, விவரங்களை நான் தட்டித் தருவதாக ஏற்பாடு.

தப்பு அங்கேதான் நடந்தது, அதுவும் என் கையால். வருகைப் பதிவேட்டில் ஒரு நாளுக்கு இரண்டு கட்டம் என்பது உங்களுக்குத் தெரியும். முற்பகல் ஒன்று, பிற்பகல் ஒன்று. மூன்று வருடத்துப் பதிவேடுகள், என் கண்ணில் புரை வேறு. காலையில் வராத பிள்ளை மதியம் எங்கே வரப்போகிறது என்று நினைத்து, முற்பகல் கட்டத்தை மட்டும் தட்டினேன். பாதி வேலை மிச்சமாயிற்று என்று சந்தோஷப்பட்டேன். வாழ்நாளெல்லாம் இரண்டு கட்டத்தையும் தினமும் கையால் நிரப்பியவள்தான் நான். நிரப்பி நிரப்பிப் பழகியதாலேயே இரண்டாவது கட்டத்தை நான் பார்ப்பதை விட்டிருந்தேன்.

பெயரெல்லாம் எடுத்துவிட்டோம், ரோல் நம்பர் மட்டும்தான் இருக்கிறது என்று ஹெச்.எம்மிடம் பெருமையாகச் சொன்னேன். வெளியாருக்கு அது வெறும் நம்பர். வகுப்புக்குள் தினமும் காலையில் கூப்பிடுகிற பெயரே அதுதான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

இயந்திரம் நன்றாகவே கற்றது. நின்றுபோன பிள்ளைகளில் அதிகம் பேர் முதலில் திங்கட்கிழமைகளில்தான் வராமல் இருந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தது. உண்மைதான். ஞாயிறுக்கு ஊருக்குப் போகிற குடும்பம் திங்கள் திரும்பாது, பிறகு செவ்வாயும் திரும்பாது, பிறகு ஒரு நாள் டி.சி. கேட்டு ஆள் வரும். இத்தனை வருடம் கண் முன்னால் நடந்ததை நான் கவனிக்கவில்லை, கம்ப்யூட்டர் கவனித்துவிட்டது என்று வாய் ஓயாமல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் பி.டி.ஏ. கூட்டத்தில் அதைக் காட்டுவதாக முடிவாயிற்று. ஜில்லாவிலிருந்து ஒரு அதிகாரி வருவதாக இருந்தது. தமிழ் டிவிஷனைப் பற்றி அவர்தான் அறிக்கை எழுத வேண்டியவர். காலையில் ஹெச்.எம். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மலையாளி, நல்ல பெண்மணி, எங்கள் பிரிவுக்காக எத்தனையோ தடவை ஆபீஸ் படி ஏறி இறங்கியவர்.

"டீச்சரே, இன்னு நல்லதாயிட்டு காணிக்கணும். ஈ டிவிஷன் நில்க்கணமெங்கில் இது மதி" என்றார். இன்றைக்கு நன்றாகக் காட்டினால் போதும், டிவிஷன் நிலைத்துவிடும் என்று அர்த்தம். நான் தலையை ஆட்டினேன்.

ஹாலில் பெற்றோர்கள் நிறைந்திருந்தார்கள். பவித்ராவின் சித்தியும் ஹோட்டலில் ஒரு மணி நேரம் சொல்லிவிட்டு வந்து, மூன்றாம் வரிசையில் ஈரப் புடவைத் தலைப்போடு உட்கார்ந்திருந்தாள். பவித்ரா கீபோர்டில். பக்கத்தில் ரம்யா விளக்கிச் சொன்னாள். பழைய வருடத்துப் பட்டியலைப் போட்டதும், நின்றுபோன பிள்ளைகளின் நம்பர்களைச் சிவப்பில் காட்டியது. கைதட்டல். அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கொள்ளாமல்லோ! இப்போழத்த குட்டிகளுடெ போட்டு நோக்காமோ?"

நன்றாயிருக்கிறதே, இப்போது படிக்கிற பிள்ளைகளைப் போட்டுப் பார்க்கலாமா என்கிறார். இந்த வருடத்துப் பட்டியலையும் நான் தட்டி வைத்திருந்தேன், எங்களுக்குள் பார்க்க. பவித்ரா திரும்பி என்னைப் பார்த்தாள். போடவா என்று கேட்கிற பார்வை. வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பிள்ளைகளும் பெற்றோரும் இருக்கிற இடம், பிறகு ஆபீஸில் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தால் எந்த அதிகாரியும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. நான் போடு என்று கண்ணைக் காட்டினேன்.

திரையில் இரண்டு சிவப்பு வந்தது.

"ஒன்பது" என்று படித்தாள் பவித்ரா.

பின்வரிசையிலிருந்து ஒரு ஆள் எழுந்து நின்றார். "அது நம்ம பையன் சாரே. அடுத்த மாசம் நாங்க குடும்பத்தோட ஊருக்குப் போறோம். ஆருகிட்டயும் இன்னும் சொல்லல!" என்றார்.

ஹாலில் 'ஆ' என்று ஒரு சத்தம். யாருக்கும் சொல்லாததை மிஷின் சொல்லிவிட்டதே. அந்த ஒரு நொடியில் அங்கிருந்த அத்தனை பேரும் அதை நம்பிவிட்டார்கள். நானும்தான்.

"பின்னே? அடுத்தது?" என்றார் அதிகாரி.

"இருபத்திமூணு."

வகுப்புப் பிள்ளைகள் ஓரமாக நின்றிருந்தார்கள். எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

"ஆராணு அது?" யாரென்று கேட்டார் அதிகாரி.

பவித்ரா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, மலையாளத்திலேயே, "ஞான் தன்னெ, சார்" என்றாள். நான்தான் என்று.

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். புரோகிராம் எழுதியவளையே புரோகிராம் பிடித்துவிட்டது என்றார். ஹெச்.எம். சிரித்தார், பெற்றோர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தேன். இருபத்திமூன்றாம் வரிசையில் திங்கட்கிழமைகளுக்கு நேராகப் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் திங்கட்கிழமைகளில் ஒன்றுவிடாமல், மதியச் சோற்றுக்கு முன்னால் அவள் பையோடு வகுப்பு வாசலில் வந்து நின்றிருக்கிறாள். பஸ்ஸில் வாந்தி எடுத்த முகத்தைக் குழாயடியில் கழுவிக்கொண்டு உள்ளே வருவாள். பிற்பகல் கட்டத்தில் அவளுக்கு வருகை போட்டது நான். என் கையெழுத்து. அந்தக் கட்டம் திரையில் இல்லை. பள்ளிக்கு வருவதற்கு எங்கள் எல்லோரையும்விட அதிகமாகப் பாடுபட்ட ஒருத்தியை, வராதவள் என்று நான் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

எழுந்து நின்று, "இது தப்பு, நான் பாதி விவரம்தான் கொடுத்திருக்கிறேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பதிவேடு அடுத்த அறையில்தான் இருந்தது. ஆனால் அதிகாரி பேனாவைத் திறந்து குறித்துக்கொண்டிருந்தார். ஹெச்.எம். முகத்தில் வருடக்கணக்காக நான் பார்க்காத ஒரு நிம்மதி. இப்போது தப்பு என்று சொன்னால் ஒன்பதாம் நம்பரும் தப்பா என்று கேட்பார், மொத்தமும் பம்மாத்து என்று எழுதுவார், டிவிஷன் போகும். பவித்ராவிடம் பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம், அவள் புத்திசாலி, புரிந்துகொள்வாள். இப்படியெல்லாம் நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் சாயா வந்துவிட்டது.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று சொல்கிறேன். நெருக்கடி என்றால் தீப்பிடித்தது போல வரும் என்று நினைக்காதீர்கள். எனக்கு அது கைதட்டலும் சாயாவுமாக வந்தது. பதறுவதற்குக்கூட ஒன்றும் இருக்கவில்லை. எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது ஒரு பிள்ளைக்காக அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. கோழைத்தனம் என்பதைத் தவிர அதற்கு வேறு பேர் இல்லை.

கூட்டம் முடிந்து சித்தியைத் தேடினேன். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அது சும்மா ஒரு பாடம்தான், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன்.

"சும்மாவா டீச்சரே? அந்தாளு வீட்டு விசயத்த அப்டியே சொல்லிச்சே" என்றாள். "ரெண்டு வருசமா எங்க அத்தான்கூட மல்லுக்கு நிக்கேன். அக்காவப் பாக்க ஆளில்ல, புள்ளைய அனுப்புன்னு அவரு. அவ படிச்சு மேல கேறிருவா, விடுங்கன்னு நான். நீங்க எல்லாம் படிச்சவங்க. உங்க மிசினே அவ படிப்புல நிக்கமாட்டான்னு சொல்லும்போ, நான் இனி எந்த மொகத்த வச்சுப் பேசுவேன்?"

அப்போதாவது சொன்னேனா? ஹெச்.எம். என்னை உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை விவரமாகப் பேசலாம் என்றேன்.

அந்தத் திங்கட்கிழமை பவித்ரா வரவில்லை. மதியம் வருவாள் என்று இருந்தேன். மூன்றாவது பீரியடு முடிந்ததிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் பதிவேட்டைத் திறந்து, அவளுக்கு நேரான பிற்பகல் கட்டத்தில் முதன்முறையாக வரவில்லை என்று போட்டேன். செவ்வாயும் வரவில்லை. சித்திக்கு போன் செய்தேன். மேலேயே இருக்கட்டும் என்று அத்தான் சொல்லிவிட்டார், நானும் சரி என்றுவிட்டேன் என்றாள். உடனே பஸ் ஏறியிருக்க வேண்டும். ஓணப் பரீட்சை வருகிறது, பேப்பர் திருத்த வேண்டும் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மூன்று வாரம் போயிற்று. அவள் முகத்தைப் பார்க்கப் பயம், அதுதான் நிஜம்.

ஒரு சனிக்கிழமை வருகைப் பதிவேட்டைப் பையில் வைத்துக்கொண்டு பொன்முடிக்குப் போனேன். எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்தில் கடைசி வீடு. மழை தூறிக்கொண்டிருந்தது. அப்பா வாசலில் நின்று வரவேற்றார். உள்ளே கட்டிலில் அம்மா. பவித்ரா அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "டீச்சர் பஸ்ல வாந்தி எடுத்தீங்களா?" என்று கேட்டாள். கேலி இல்லை. உண்மையான விசாரிப்பு.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதிவேட்டை விரித்துக் காட்டினேன். இது காலைக் கட்டம், இது மதியக் கட்டம், நான் போட்டது காலையை மட்டும், தப்பு என்னுடையது, மிஷின் சொன்னது பொய் என்று. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நான் போகாதன்னு சொன்னா இவ என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவா டீச்சர். ரெண்டு வருசமா அப்டித்தான். இந்த வாட்டி நான் முழுசா சொல்லக்கூட இல்ல. வேற வழி இல்லயேன்னு வாய் தொறந்தேன், இவளே சரிப்பான்னுட்டா" என்றார்.

நான் பவித்ராவிடம் திரும்பினேன். "மக்களே, புரோகிராம்ல ஒரு தப்பும் இல்ல. நான் தந்த டேட்டாலதான் தப்பு. உனக்குப் புரியுதா?"

"எனக்குத் தெரியும் டீச்சர்."

"என்ன தெரியும்?"

"மத்தியானத்துக் கட்டம் இல்லன்னு. ஷீட்ட தொறந்த அன்னைக்கே பாத்தேன். டீச்சர் பொறவு சேப்பீங்கன்னு நெனச்சேன்."

"அப்போ அன்னைக்கு அந்த சார்கிட்ட நீயே சொல்லிருக்கலாமே, பெண்ணே?" என்று கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாத கேள்வி. தன் தப்பைப் பதினாலு வயதுப் பிள்ளையின் தலையில் வைக்கிற கேள்வி.

அவள் கோபப்படவில்லை. "நான் சொன்னா, மிசின் நின்னுருவேன்னு சொன்னதுக்காக நொண்டிச் சாக்கு சொல்லுதேன்னு நெனப்பாங்க. டீச்சர் சொன்னா நம்புவாங்க. அந்த சார் ஆருன்னு கேட்டப்ப நான் டீச்சரத்தான் பாத்துட்டு நின்னேன்" என்றாள். பிறகு, "டீச்சர் சிரிச்சீங்க" என்றாள்.

கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் மறுபடி கட்டிலுக்குப் போய்விட்டாள்.

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஹாஸ்டலுக்கு ஏற்பாடு செய்கிறேன், வாரத்தில் நான்கு நாள் வந்தால் போதும், சித்தியிடம் நான் பேசுகிறேன், அதுவும் இல்லையென்றால் மலைக்குக் கீழே விதுரையில் பள்ளி இருக்கிறது, மலையாள மீடியம்தான், சமாளிப்பாள் என்றேன். அப்பா எல்லாவற்றுக்கும் "பாக்கலாம் டீச்சர்" என்றார். பஸ் வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு வந்தார். பஸ் ஏறும்போது, "நீங்க இப்ப சொல்லுதது எனக்கு மனசிலாச்சு. அன்னைக்கு அத்தன பேருக்கு முன்னால இதச் சொல்லிருந்தா கொழுந்தியா இவள விட்டிருக்க மாட்டா" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. அதனால்தான் இறங்குகிற வழி முழுக்க அழுதேன். விதுரையில் அவளைச் சேர்க்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

டிவிஷன் தப்பித்தது. அதிகாரி நல்ல அறிக்கை எழுதினார். நான் வாயை மூடிக்கொண்டது எதற்காகவோ அது கிடைத்தது, ஓய்வு பெறும் நாள் வரை அந்தச் சம்பளத்தைத்தான் வாங்கினேன். உங்களில் யாராவது, டிவிஷனைக் காப்பாற்றியதால் இன்னும் நாற்பது பிள்ளைகள் படித்தார்களே டீச்சர் என்று சொல்லக்கூடும். நானும் அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஹெச்.எம்மும் சொன்னார். அந்த நாற்பது பேரைக் கூட்டி ஒரு பக்கத்தில் வைத்தாலும், என்னைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த முகம் மறைய மாட்டேன் என்கிறது.

அதே வருடம் பள்ளிகளுக்கிடையிலான ஐ.டி. மேளா வந்தது. இரண்டு பெண்களின் பெயரிலும் முன்பே பதிந்திருந்தோம். நான் விலக்கிக்கொள்கிறேன் என்றேன். "ஒரு குட்டி போயி. இனி இதும் கூடெ களயணோ?" என்று கேட்டார் ஹெச்.எம். ஒரு பிள்ளை போயிற்று, இனி இதையும் தொலைக்க வேண்டுமா என்று. ரம்யாவும் இரண்டு மாதமாக உழைத்திருந்தாள். சரி, போகலாம், ஆனால் இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

மேளாவில் ரம்யா தனியாக விளக்கினாள். நடுவர் இளைஞர், கெட்டிக்காரர். கடைசியில், இதில் சொன்னபடி ஏதாவது நடந்ததா என்று கேட்டார்.

"ரெண்டு பேரச் சொல்லிச்சு சார். ரெண்டு பேரும் போயாச்சு" என்றாள் ரம்யா.

நான் முன்னால் வந்தேன். தூக்கி வந்திருந்த பதிவேட்டை அவர் மேசையில் விரித்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பாதி விவரம் கொடுத்ததை, தப்பென்று தெரிந்தும் பேசாமல் இருந்ததை, அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் அவளை வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள் என்பதை. அவர் மரியாதையாகக் கேட்டார். நடுவில் ஒரு தடவை பிற்பகல் கட்டத்தை விரல் வைத்துப் பார்க்கவும் செய்தார்.

"டீச்சரே, டேட்டா தெற்றாயிருக்காம்" என்றார். "பக்ஷே ரிசல்ட் சரியாயில்லே?"

விவரம் தப்பாக இருந்திருக்கலாம், ஆனால் விடை சரியாகிவிட்டதே என்கிறார். கிண்டல் செய்யவில்லை, மனதாரக் கேட்டார். பதிவேட்டை நான் மூடுவதற்குள் அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். எங்களுக்கு ஏ கிரேடு. குறிப்பில் 'கள அளவில் சோதித்து நிரூபிக்கப்பட்டது' என்று எழுதியிருந்ததாக ஹெச்.எம். சொன்னார்.

உங்களுக்கு நான் என்ன சொல்ல? பிள்ளைகளைப் பற்றி இயந்திரத்துக்கு ஏதாவது சொல்லிக்கொடுக்கும் முன்னால், நீங்கள் எதைத் தட்டாமல் விட்டீர்கள் என்று பாருங்கள். படிக்கிற பிள்ளையின் பெயரையோ நம்பரையோ திரையில் போடாதீர்கள். இதெல்லாம் உங்கள் கையேட்டிலேயே இருக்கும். கையேட்டில் இல்லாதது ஒன்றுதான். தப்பென்று தெரிந்த அந்த நிமிடத்தில், அந்த இடத்தில், அத்தனை பேர் முன்னால் சொல்லிவிடுங்கள். பிறகு நானும்தான் சொன்னேன், மலைமேல் போய்ச் சொன்னேன், மேளாவில் சொன்னேன். ஒரு பிரயோஜனமும் இருக்கவில்லை.

மேளா சர்டிஃபிகேட் இரண்டு வந்தது. ரம்யாவுடையதை அவளிடம் கொடுத்துவிட்டேன். பவித்ரா பெயரில் வந்தது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று எத்தனையோ சனிக்கிழமை கிளம்பியிருக்கிறேன். கொடுத்தால், இது எதற்குக் கிடைத்தது டீச்சர் என்று கேட்பாள். கேட்கிற பிள்ளை அவள். நான் சொல்லியாக வேண்டும்.